கடுமையான டிக்குகள்: பயிற்சி, மாத்திரை, ஊசி, டிபிஎஸ் – எது யாருக்கு?

"எல்லா மருந்தும் பார்த்தாச்சு, இனி மூளை ஆபரேஷன்தானா?" என்று கேட்டு எழுதுபவர்களில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு வயது முப்பதை நெருங்குகிறது. கழுத்தை வெட்டி வெட்டி இழுக்கும் டிக்கால் (டிக் என்றால் கட்டுப்படுத்த முடியாமல் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவு அல்லது சத்தம்) கை மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது, கழுத்துத் தண்டுவடம் நசுங்குவதாக ஸ்கேனும் சொல்கிறது. இன்னொருவர் பன்னிரண்டு வயதுப் பையனின் அம்மா. இரண்டு மாத்திரை மாற்றியாகிவிட்டது, பையன் வகுப்பில் கத்துகிறான், வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கேள்வி ஒன்றுதான், ஆனால் பதில் நேர் எதிர். முதலாமவர் அறுவை சிகிச்சைக் குழுவைப் பார்ப்பதை இனித் தள்ளிப்போடக் கூடாது. அந்த அம்மா இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

டிபிஎஸ் என்கிற ஆழ்மூளைத் தூண்டலில், மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதிக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் ஒரு சிறு கருவியிலிருந்து இடைவிடாமல் மின்துடிப்பு அனுப்புகிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு இது பழகிய வைத்தியம். அசைவு டிக்குகளும் சத்த டிக்குகளும் சேர்ந்து நீண்ட காலம் நிற்கும் டூரெட் நோய்க்கு இதை முதன்முதலில் செய்ததாக மருத்துவ இதழில் அறிக்கை வந்தது 1999-இல். இத்தனை வருடம் ஆகியும் டூரெட்டுக்கு இது இன்னும் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் செய்யும் சிகிச்சையாகவே இருக்கிறது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ டூரெட்டுக்கென்று இதற்கு அனுமதி தரவில்லை. அங்கே செய்பவர்களும் அனுமதிக்கப்பட்ட நோய்ப் பட்டியலுக்கு வெளியேதான் செய்கிறார்கள். காப்பீட்டில் இழுபறி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த டிக், என்ன கெடுதல். என்னைக் கேட்டால் முக்கால்வாசி முடிவு இதிலேயே இருக்கிறது. "டிக் ரொம்ப அதிகம்" என்பது டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு டிக்காக எழுதுங்கள்: கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு, தாடையில் குத்திக்கொள்வது, கழுத்து வெட்டல். பக்கத்திலேயே அது எதைக் கெடுக்கிறது என்று எழுதுங்கள்: உடம்பையா, தூக்கத்தையா, வேலையையா, அல்லது பார்ப்பவர்களுக்குத்தான் சங்கடமா? நாளில் ஒரே நேரத்தில் ஐந்து நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் டிக் அடங்கிவிடுவது பலருக்கும் நடக்கிற விஷயம். டாக்டர்கள் பயன்படுத்தும் யேல் அளவுகோலும் இதே மாதிரிதான், டிக்கின் கடுமைக்கு 50, அதனால் வாழ்க்கை எவ்வளவு முடங்குகிறது என்பதற்கு 50, மொத்தம் 100. டிபிஎஸ்-க்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, கடுமைக்கான 50-இல் 35-க்கு மேல் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலான குழுக்கள் பார்க்கும்.

வயது. டிக்குகள் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் தொடங்கி, பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பதின்வயது முடிகிற நேரத்தில் நிறையப் பேருக்குத் தானாகவே கணிசமாகத் தணிகின்றன. அந்த அம்மாவுக்கு நான் அப்படிப் பதில் சொன்னதற்கு இதுதான் காரணம்: பையன் இப்போது நிற்பது உச்சத்தில். 2006-இல் வந்த பரிந்துரைகள் 25 வயதுக்குக் கீழே டிபிஎஸ் வேண்டாம் என்றன. 2015-இல் அதைத் திருத்தி, கறாரான வயது வரம்பை எடுத்துவிட்டு, 18-க்குக் கீழ் என்றால் நெறிமுறைக் குழுவையும் கலந்து பேச வேண்டும் என்றார்கள்.

பார்த்த வைத்தியம் ஒழுங்காகப் பார்த்ததா. "பார்த்தாச்சு" என்று சொல்பவர்களிடம் எந்த மருந்து, எவ்வளவு மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பாதியில் கதை மாறிவிடும். குறைந்த அளவில் பத்து நாள் சாப்பிட்டுத் தூக்கம் வருகிறது என்று விட்டது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது.

கூடவே இருக்கும் தொல்லைகள். டூரெட் தனியாக வருவது குறைவு. ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணமும் அதனால் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்), ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), பதற்றம், மனச்சோர்வு என்று ஏதாவது ஒன்று கூட இருக்கும். பல பேருக்கு வாழ்க்கையை உண்மையில் கெடுப்பது டிக்கைவிட இவைதான். அப்படியிருந்தால் டிக்கைக் குறைத்து என்ன பயன்?

கடைசியாக, திரும்பி வர முடியுமா, வாழ்நாள் முழுக்க என்ன சுமக்க வேண்டியிருக்கும். இதை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. டிக் ஏறும், இறங்கும், அதுதான் அதன் இயல்பு. மிக மோசமான மாதத்தில்தான் யாரும் புது டாக்டரைத் தேடி ஓடுவார்கள். அதற்கப்புறம் எது செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும்கூட, கொஞ்சம் குறையத்தான் போகிறது. "இந்த மருந்தில் குணமானது" என்று கேள்விப்படும் கதைகளில் பாதி இப்படித்தான். அறுவை சிகிச்சைக் கதைகளுக்கும் இது பொருந்தும்.

## நடத்தைப் பயிற்சி

சிபிஐடி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். டிக் வருவதற்கு முன்னால் ஓர் உறுத்தல் வருமே, தும்மலுக்கு முன் மூக்கில் வருவதுபோல, அதைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்து, அந்த நேரத்தில் டிக்குக்கு இடம் கொடுக்காத வேறொரு அசைவைச் செய்யப் பழக்குகிறார்கள். கழுத்து வெட்டுபவருக்கு, தாடையை லேசாக உள்ளே இழுத்து, கழுத்துத் தசையை மெதுவாக இறுக்கி, நேரே பார்த்தபடி ஒரு நிமிடம் அல்லது அந்த உறுத்தல் அடங்கும்வரை இருப்பது. தொண்டையில் சத்தம் வருபவருக்கு மூக்கு வழியாக மெதுவாகச் சீராக மூச்சு விடுவது. பத்து வாரத்தில் எட்டு அமர்வுகள் என்பது ஆராய்ச்சிகளில் பின்பற்றிய முறை.

2010-இல் 126 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் ஆறுதல் பேச்சும் தகவலும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். 2012-இல் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் பெரியவர்களிடம், செய்ததில் 38.1-க்கு 6.4. பெரியவர்களிடம் பலன் குறைவுதான், ஆனாலும் கத்தி படாமல் இவ்வளவு கிடைக்கிறது. அடக்கினால் பிறகு இரண்டு மடங்காக வெடிக்கும் என்ற பயம் பரவலாக உண்டு. ஆய்வுகளில் அப்படி நடக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு நேரமும் மனஉழைப்பும். இதில் தேர்ந்தவர்கள் குறைவு. வெறுமனே "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்லும் கவுன்சிலிங்கை இதோடு சேர்க்காதீர்கள், அது இது இல்லை. ஏடிஎச்டி கடுமையாக இருந்தால் முதலில் அதைக் கவனித்தால்தான் பயிற்சி நிற்கும். நேரில் ஆள் கிடைக்காதவர்களுக்கு ஆன்லைன் வழி உண்டு: 9 முதல் 17 வயதுவரையுள்ள 224 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2021-இல் முடிவு வந்த ஆய்வில், உறுத்தலைத் தாங்கி டிக்கை வெளிவிடாமல் பழகும் இணையவழிப் பயிற்சிக்கும் பலன் இருந்தது.

யாருக்கு நல்லது? ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் படி இதுதான். ஆனால் நிமிடத்துக்குப் பலமுறை வந்து தன்னையே காயப்படுத்தும் டிக் இருப்பவரிடம், உறுத்தலைக் கவனித்துப் பழகு என்று மட்டும் சொல்லி வருடக்கணக்கில் இழுத்தடிப்பது கொடுமை.

## மாத்திரைகள்

குளோனிடின், குவான்ஃபசின் முதலில். குறிப்பாக ஏடிஎச்டியும் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து உதவும். தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் குப்பென்று ஏறும். அடுத்து, மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்துகள்: அரிபிபிரசோல், ரிஸ்பெரிடோன், பழைய ஹாலோபெரிடால், பிமோசைட். டிக்கைக் குறைப்பதில் இவைதான் பலமானவை, தொல்லை தருவதிலும் இவைதான் முன்னால் நிற்கும். எடை கூடும், மந்தமாகும், உட்கார முடியாத தவிப்பு வரலாம், பிமோசைட்டுக்கு இசிஜி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் டார்டிவ் டிஸ்கினீசியா என்கிற, மருந்தை நிறுத்தினாலும் போகாமல் நிற்கக்கூடிய வாய்-நாக்கு அசைவு வரும் ஆபத்து உண்டு. ஆக, மாத்திரை என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பது முழு உண்மை இல்லை. டெட்ராபெனசின் சிலருக்கு உதவும், ஆனால் மனச்சோர்வைக் கிளப்பிவிடக்கூடியது.

டிபிஎஸ் குழுவிடம் போகும் முன் குறைந்தது மூன்று வகை மருந்துகளையாவது போதிய அளவில், போதிய நாள் பார்த்திருக்க வேண்டும், நடத்தைப் பயிற்சியும் தரப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்பார்கள். மருந்து பலனளித்தும் பக்கவிளைவு தாங்க முடியாமல் நிறுத்தியிருந்தால் அதுவும் தோல்வியாகவே கணக்கு. அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

## போட்டுலினம் ஊசி

தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி இது. பலர் இந்த ஒன்றைக் கேட்காமலேயே தாண்டிவிடுகிறார்கள். பிரச்சினை முழுக்க ஒரே இடத்தில் இருந்தால், உதாரணமாகக் கழுத்து வெட்டல் மட்டும்தான் ஆளைக் கொல்கிறது, மற்றதெல்லாம் சமாளிக்கலாம் என்றால், அந்தத் தசைகளில் போடும் ஊசி மூன்று, நான்கு மாதம் தாங்கும். டிக்குக்கு முன் வரும் உறுத்தலும் சிலருக்குக் குறையும். தசை தளர்ந்து தலையைத் தாங்குவது சிரமமாகலாம், குரல்வளையில் போட்டால் குரல் கம்மிப்போகும். சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும், அதுதான் இதன் தொடர் செலவு. மேலே சொன்ன முப்பது வயதுக்காரர் அறுவை சிகிச்சைக் குழுவின் தேதிக்குக் காத்திருக்கும் நாட்களில் தண்டுவடத்தைக் காக்க இதை உடனே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

## டிபிஎஸ்

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். இதற்கு இரண்டு எண்களைச் சேர்த்தே படிக்க வேண்டும், ஒன்றை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள்.

முதல் எண்: பத்து நாடுகளிலிருந்து 185 பேரின் விவரத்தைச் சேர்த்த சர்வதேசப் பதிவேடு 2018-இல் வெளியிட்ட முடிவு. யேல் அளவுகோலில் சராசரி 75-ஆக இருந்தது ஒரு வருடத்தில் 41-ஆக, அதாவது சுமார் 45 சதவீதம் குறைந்தது. இரண்டாவது: கருவி ஓடுகிறதா நிற்கிறதா என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி நடத்திய ஆய்வுகள். 2015-இல் வந்த பிரிட்டன் ஆய்வை முடித்தவர்கள் 13 பேர். ஓடும்போதும் நிற்கும்போதும் இருந்த வித்தியாசம் சுமார் 15 சதவீதம்தான், அதே ஆட்கள் பிறகு எல்லாம் தெரிந்த நிலையில் தொடர்ந்தபோது முன்னேற்றம் 40 சதவீதமானது. 2017-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் மூன்று மாத முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை.

இதை வைத்து டிபிஎஸ் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சரியான அளவுகளைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும்போது மூன்று மாதம் போதாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பும், டிக்கின் இயல்பான ஏற்ற இறக்கமும் அந்த 45-க்குள் கலந்திருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. முக்கியமாக, 41 என்பது பூஜ்ஜியம் இல்லை. சராசரிக்குப் பின்னால் வாழ்க்கையே மாறிப்போனவர்களும் இருக்கிறார்கள், எதுவும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. மின்முனையை வைக்கும் இடமே இன்னும் முடிவாகவில்லை: மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸின் நடுப்பகுதியா, குளோபஸ் பாலிடஸ் என்ற இன்னொரு பகுதியின் உட்பகுதியா என்று மையத்துக்கு மையம் மாறும். இடத்தைவிட, அந்த இடத்தில் அந்தக் குழுவுக்கு எவ்வளவு அனுபவம் என்பதைப் பாருங்கள்.

ஆபத்துகள்: அதே பதிவேட்டில் மூளைக்குள் ரத்தக்கசிவு 1.3 சதவீதம், தொற்று 3.2 சதவீதம். ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பாதகமான விளைவு பதிவாகியிருக்கிறது. அதில் அடிக்கடி வந்தவை பேச்சு குழறுவதும் உடம்பில் ஊசி குத்துவது போன்ற உணர்வும், இவை பெரும்பாலும் அளவை மாற்றினால் சரியாகும். டூரெட்டுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. ஆறுகிற காயத்தைத் தொட்டுத் தொட்டுக் கிள்ளத் தூண்டும் உந்துதல் இருப்பவருக்குத் தொற்று எளிதில் வரும். கழுத்தை ஓங்கி வெட்டுபவருக்குக் கழுத்து வழியாக மார்புக்குப் போகும் கம்பி இழுபடலாம், முறியலாம். இரண்டையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே குழுவிடம் சொல்லித் திட்டமிட வேண்டும்.

ஆனால் இந்த ஆபத்துகளைவிட அதிகம் பேசப்பட வேண்டியது பிறகு வரும் வாழ்க்கை. அறுவை சிகிச்சை ஒரு நாள், அளவு சரிசெய்வது ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஒரு அமர்வு இப்படி இருக்கும்: டாக்டர் கையில் டேப்லெட் மாதிரி ஒரு கருவி. மின் அளவைத் துளித்துளியாக ஏற்றுகிறார். கை விரலில் சுரீரென்கிறதா, நாக்கு தடிக்கிறதா, மனசு காரணமில்லாமல் படபடக்கிறதா, இல்லை திடீரென்று உற்சாகம் பொங்குகிறதா என்று ஒவ்வொரு படியிலும் கேட்கிறார். கை நடுக்கம் அந்த நிமிடமே நிற்கிற மாதிரி டிக் நிற்காது, நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் தெரியும். அதனால் வீட்டுக்குப் போய்க் காத்திருந்து, வீடியோ எடுத்து, மறுபடி வர வேண்டும். தூரத்திலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் விடுப்பு, கூட ஒரு ஆள், தங்கும் இடம். இதைக் குடும்பம் முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

அப்புறம் பேட்டரி. டூரெட்டுக்கு அதிக மின் அளவு தேவைப்படுவது வழக்கம் என்பதால், சார்ஜ் செய்ய முடியாத வகை சில வருடங்களில் தீர்ந்து, மாற்ற மறுபடி ஒரு சிறு அறுவை சிகிச்சை. சார்ஜ் செய்யும் வகை பத்து வருடத்துக்கு மேல் வரும், ஆனால் ஒழுங்காகச் சார்ஜ் செய்ய வேண்டும். மனச்சோர்வில் படுத்துவிடுபவர், எல்லாவற்றையும் மறந்துவிடுபவர் என்றால் யார் அதைப் பார்த்துக்கொள்வது? பேட்டரி திடீரென்று நின்றால் டிக் திரும்பும், மனநிலையும் சரியலாம். எம்ஆர்ஐ எடுக்கக் கருவியின் வகையைச் சொல்லி முன்னேற்பாடு வேண்டும். உடம்புக்குள் வெப்பம் செலுத்தும் டயதெர்மி என்ற பிசியோதெரபி அறவே கூடாது.

நிறுத்தலாம், கழற்றலாம் என்பது இதன் பெரிய பலம். மின்சாரத்தை அணைத்தால் விளைவு போய்விடும். ஆனால் மண்டையில் போட்ட துளையும் மின்முனை போன தடமும் இல்லாததாகிவிடாது.

யாருக்கு நல்லது: தண்டுவடம், கண், பல், எலும்பு என்று உடம்பைச் சேதப்படுத்தும் டிக், அல்லது வேலை, படிப்பு, உறவு எல்லாவற்றையும் பறித்த டிக், மருந்தும் பயிற்சியும் உண்மையாகப் பார்த்து முடிந்திருக்க வேண்டும், கூட இருக்கும் மனநலத் தொல்லைகள் குறைந்தது ஆறு மாதமாவது நிலையான சிகிச்சையில் இருக்க வேண்டும், பின்தொடர்ந்து வர ஆளும் மனமும் இருக்க வேண்டும். யாருக்கு வேண்டாம்: தற்கொலை எண்ணம் இப்போது இருப்பவர், போதைப் பழக்கத்தில் இருப்பவர், தணியும் வாய்ப்புள்ள வயதில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள். சில நாட்களுக்குள் திடீரென்று தொடங்கி, முதலிலிருந்தே சிக்கலான அசைவுகளும் வார்த்தைகளுமாக வரும் டிக் போன்ற நடத்தை வேறு வகை, அது கொரோனா காலத்தில் பதின்வயதுப் பெண்களிடம் நிறையப் பார்க்கப்பட்டது. அதற்கு மூளையில் மின்முனை தீர்வில்லை, மனநலச் சிகிச்சைதான். கத்திக்கு முன் இந்த வித்தியாசத்தை ஒரு அனுபவமுள்ள நரம்பியல் டாக்டர் உறுதிசெய்தே ஆக வேண்டும்.

## மற்ற வழிகள், சுருக்கமாக

மூளையின் ஒரு பகுதியைச் சுட்டழிக்கும் பழைய முறைக்கு 1970-லேயே அறிக்கை உண்டு. கருவி வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆனால் அழித்தது அழித்ததுதான். டிபிஎஸ் கிடைக்கும் இடத்தில் இதை முதலில் யோசிக்கக் காரணம் தெரியவில்லை. தலைக்கு வெளியே காந்தத் தூண்டல் தருவதன் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. மணிக்கட்டு நரம்பைத் தூண்டும் கைக்கடிகாரம் போன்ற கருவியைப் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள், டிக் எண்ணிக்கை கால்வாசி அளவுக்குக் குறைந்ததாக வந்தது. மிதமான டிக்குக்கு நம்பிக்கை தருகிறது, உயிரை எடுக்கும் டிக்குக்கு இதை நம்பிக் காத்திருக்க முடியாது.

| வழி | பலன் தெரிய | கண்ணில் படாத செலவு | நிறுத்தினால் |
|---|---|---|---|
| பயிற்சி | சுமார் 10 வாரம் | நேரம், தேர்ந்த ஆள் தேடுவது | கற்றது பெரும்பாலும் நிற்கும் |
| மாத்திரை | சில வாரங்கள் | எடை, மந்தம், டார்டிவ் அசைவு | டிக் திரும்பலாம். படிப்படியாகவே நிறுத்த வேண்டும் |
| ஊசி | சில நாட்கள் முதல் 2 வாரம் | சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் | பலன் தானாகத் தீரும் |
| டிபிஎஸ் | மாதங்கள், ஒரு வருடம்கூட | அளவு சரிசெய்தல், பேட்டரி, பயணம், எம்ஆர்ஐ கட்டுப்பாடு | டிக் திரும்பும், திடீரென்றால் ஆபத்து |

## டிபிஎஸ் குழுவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால்

நரம்பியல் டாக்டர், அறுவை சிகிச்சை டாக்டர், மனநல டாக்டர் மூவரும் உங்களைப் பார்த்துச் சேர்ந்து முடிவெடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் பார்த்து, அடுத்த மாதம் தேதி தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். டூரெட்டுக்காக எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள், பார்க்கின்சன் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் நோட்டிலிருக்கும் அந்த ஒரு டிக்கைக் காட்டி, இது பாதியாகக் குறைந்தால் எனக்குப் போதுமா, குறையாவிட்டால் அடுத்து என்ன திட்டம் என்று பேசுங்கள். பலனே இல்லையென்றால் எவ்வளவு காலத்துக்குப் பிறகு கழற்றுவார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் அங்கே இந்தக் கருவியை ஓட்டத் தெரிந்தவர் யார், இந்த டாக்டர் ஓய்வு பெற்றால் யார், பேட்டரி நள்ளிரவில் நின்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று கேட்டு, பதிலை அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.